இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிய நாள்

போன வருஷம் மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, ஹைதராபாத் திருமுல்கேரியில் நடந்தது இது. பஸ் ஸ்டாப் அருகே தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்கிறேன். எங்கள் குடும்பமே அதை நம்பித்தான் ஓடுகிறது. ரோட்டை அகலப்படுத்தப் போகிறோம், எல்லா வண்டிகளையும் காலி செய்யுங்கள் என்று மாநகராட்சி ஆட்கள் வந்து சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்காகப் பேசக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோயில் கமிட்டிச் செயலாளர். பக்தி அதிகம், ஆனால் மதத்தை வைத்து யாராவது வம்பு வளர்த்தால் முதல் ஆளாகத் தடுப்பவர். இன்னொருவர் செங்கொடிச் சங்கத் தலைவர், கோயில் வாசலைக்கூட மிதிக்காதவர். இருவரும் தமிழர்கள்தான். சேர்ந்து போனால் அதிகாரி மதிப்பார் என்று ஒரு கூட்டம் போட்டோம்.

அதை நினைத்தால் இப்போதும் தலை வலிக்கிறது. பிள்ளையார் சுலோகம் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார் செயலாளர். பிழைப்புப் பிரச்சினைக்குச் சுலோகம் எதற்கு என்றார் தலைவர். கோஷம் போடக் கூடாது என்றார் செயலாளர், போடாமல் எதற்குப் போவது என்றார் தலைவர். பேனர் சிவப்பா மஞ்சளா என்று வேறு. கடைசியில் கடவுள் உண்டா இல்லையா என்பதில் வந்து நின்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கைக்குண்ணா, எதுக்குண்ணா இந்த ரகளை? கும்பிடறவங்க கும்பிட்டுட்டு வாங்க, மத்தவங்க சாய் குடிச்சுட்டு வாங்க. எனக்கு வண்டி நிக்கணும்" என்று கத்திவிட்டு, ஒரு ஆட்டோவை நிறுத்தி, மாநகராட்சி ஆபீசுக்கு என்று சொல்லி இருவரையும் ஏற்றினேன். நடுவில் நான். ஆளுக்கொரு பக்கம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

அதிகாரி கெட்டிக்காரர். செயலாளரை மட்டும் உட்காரச் சொன்னார். கோயில் வாசலில் நிற்கும் பூ, தேங்காய் வண்டிகளை விட்டுவிடுகிறேன், இந்தச் சங்கத்துக்காரரோடு உங்களுக்கென்ன சேர்க்கை என்று தெலுங்கில் நயமாகக் கேட்டார். செயலாளர் சரியென்றால் என் வண்டி போச்சு.

அவர் எழுந்துவிட்டார். இவர் என் சாமியைக் கிண்டல் செய்கிறவர், எனக்கும் இவருக்கும் ஆகாது, ஆனால் வண்டிகளைப் பாதியாகப் பிரிக்க நான் வரவில்லை என்று அதிகாரியிடம் சொன்னார். பிறகு தலைவரைப் பார்த்துத் தமிழில், "சட்டம் உங்களுக்குத்தான் தெரியும், பேசுங்க தோழர். நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார்.

தலைவர் மேஜையருகே நகர்ந்து வந்தார். அப்புறம், மாற்று இடம் தராமல் யாரையும் எடுக்க முடியாது என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். வேறு இடம் காட்டும்வரை எல்லா வண்டிகளும் நிற்கலாம் என்று அதிகாரி இறங்கி வந்தார்.

படி இறங்குவதற்குள் இருவரும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், இந்த வெற்றிக்கு யார் காரணம் என்று. ஒருவருக்கும் வாயை மூடத் தெரியாது. இன்றும் அவர்கள் சண்டையைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவர்கள்தான் நம்மோடு நிற்பார்கள் என்று நான் நினைப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.