விசிறிக் கிண்ணத்துக்குள் இருந்த முடி

இன்று காலை ஆடுகிற மின்விசிறியைச் சரிசெய்ய மகன் மேசையில் ஏறினான். நான் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன்.

"என்ன உம்மா, இதுக்குமா பயம்?" என்று சிரித்தான்.

ஓம், பயம்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் புது வீடு கட்டிக் குடிபோனோம். கடையில் புதிதாக வாங்கிய விசிறியை என் கணவரே மாட்டினார். சில மாதங்களில் அது குலுங்கி ஆடத் தொடங்கியது. அதற்கு நேர் கீழேதான் கைக்குழந்தை படுக்கும்.

ஒரு பகலில் மெயினை நிறுத்திவிட்டு ஏறினார். இறக்கைகளின் திருகாணிகள் எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. மேலே கொக்கியை மூடியிருந்த கிண்ணத்தை இறக்கியவர் கீழே நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, இது உன்ட முடியா?"

கம்பியைச் சுற்றி நீளமான முடி கயிறு போல இறுகிக் கிடந்தது. பாதி நரைத்திருந்தது. வீட்டில் என்னைத் தவிர வேறு பெண் இல்லை. எனக்கோ அப்போது இருபது வயது.

"என்ட இல்ல மச்சான். நரைச்சுக் கிடக்கே!"

இப்போதுதான் தலைக்கு வைத்தது போல அதில் தேங்காய் எண்ணெய் மணந்தது.

கத்தியால் அறுத்தெடுத்தார். "ஆருக்கிட்டயும் கதைச்சிராத" என்றார். வீட்டைச் சுற்றியிருந்த வளவின் மூலையில் அதை ஆழமாகப் புதைத்தோம். அதன் பிறகு விசிறி ஆடவே இல்லை. நாங்கள்தான் அந்த அறையில் படுக்கவில்லை.

அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். இனிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டு விசிறியைத் திறந்து பார்த்தவர்கள், உள்ளே என்ன இருந்தது என்று எழுதுங்கள். வெறும் தூசிதான் என்றால் அதையும் எழுதுங்கள், எனக்கு நிம்மதியாக இருக்கும்.