ஏழாம் எண்ணின் கோடு

செய்தி வந்தபோது காலை பதினொன்று இருபது. அண்ணியின் எண்ணிலிருந்துதான் அழைப்பு வந்தது. "என்ன அண்ணி, மேட்ரன் கையெழுத்தைப் பார்த்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எடுத்தேன். மறுமுனையில் பஸ் கண்டக்டர் பேசினார். "இந்த போன்ல கடைசியா பேசின நம்பர் உங்களோடதும்மா. கடைசி ஸ்டாப்புல எழுப்பினோம், எந்திரிக்கல." மடியில் ஒரு தகரப் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாராம்.

அந்தப் பெட்டியில் இருந்தது என்ன என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய ஐந்து மாதங்களையும் சொல்ல வேண்டும். அண்ணியை நினைத்தாலே அந்த ஐந்து மாதங்கள்தான் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வருகின்றன.

என் அண்ணனின் மனைவி பாடப்புத்தகங்கள் அச்சிடும் ஓர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் மெய்ப்புப் பார்த்தவர். அங்கே அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வீட்டுக்கு வரும் மின்கட்டண ரசீதில் ஒற்று விட்டுப்போயிருந்தால்கூடப் பேனாவைத் தேடுவார். "உன் அண்ணி நான் எழுதின காதல் கடிதத்தையே திருத்தித் திருப்பிக் கொடுத்தவ," என்று அண்ணன் சொல்வான். அது பொய்யில்லை. கடிதம் இன்னும் இருக்கிறது, சிவப்பு மையோடு.

அச்சகத்துக்குச் சோறு போடும் புத்தகம் என்றால் அது செவிலியர் கையேடு. நாலு வருடத்துக்கு ஒரு பதிப்பு வரும். பன்னிரண்டாம் பதிப்புக்கான வேலை தொடங்கியபோது, கணினியில் பக்கம் கட்டும் பெண் அண்ணியிடம் வந்து, "மேடம், இந்தப் படத்துல ஏழு எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

பெண்ணின் வெளி உறுப்புகளைக் காட்டும் கோட்டோவியம் அது. ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு கோடு கிளம்பி ஓர் எண்ணில் முடியும். எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரை. படத்தின் கீழே பெயர்ப் பட்டியல். அந்தப் பட்டியலில் ஆறுக்கு அடுத்தது எட்டு. படத்தில் ஏழு இருந்தது, கோடும் இருந்தது. பெயர் மட்டும் இல்லை.

தலைமை அச்சாளர் சுலபமான வழி சொன்னார். "கோட்டை அழிச்சிடுங்க. எட்டை ஏழாக்கிடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"ரோடு போட்டிருக்குன்னா ஏதோ ஊர் இருக்குன்னுதானே சார் அர்த்தம்?" என்றார் அண்ணி.

அன்று மாலை நேராக என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் படத்தின் நகலை மேசையில் விரித்தார். "நாத்தனாரே, நீ விலங்கியல் படிச்சவளாச்சே. இது என்ன, சொல்லு."

பார்த்தேன். தவளையின் உறுப்புகளை இன்றும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்லி வரைய முடியும். கோடு போய் நின்ற இடம் எனக்குத் தெரியாததா? ஆனால் வாய் திறக்கவில்லை. கடைசியில், "கிளிட்டோரிஸ்" என்றேன், பக்கத்து அறையில் அண்ணன் மகன் தூங்குகிறான் என்பதுபோல. அவன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான்.

"தமிழ்ல?"

யோசித்தேன். வசைச்சொல் ஒன்று தெரியும். பாடத்தில் எழுதும் சொல் தெரியவில்லை.

"பட்டம் வாங்கின உனக்கே தெரியல. பதினெட்டு வயசுல நர்ஸ் வேலைக்குப் படிக்க வர்ற பொண்ணு யார்கிட்ட போய்க் கேப்பா?" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் சட்டை நிறம் தெரிந்துவிட்டவர் மாதிரி ஒரு பரபரப்பு.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுடையவை அல்ல, ஏழுடையவை. ஒரு நோட்டுப் போட்டார். யார் யார், எப்போது, எப்படி இந்த உடம்பை எழுதினார்கள் என்று அதில் சேர்த்தார். பழைய கவிகள் அல்குல் என்று கூச்சமில்லாமல் பாடியிருக்கிறார்கள். தேர்த்தட்டு என்றும் பாம்பின் படம் என்றும் உவமை சொல்லியிருக்கிறார்கள். உரை எழுத வந்தவர்களில் சிலர் அதை இடுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். "பாட்டு எழுதினவனுக்கு வராத வேர்வை உரை எழுதினவனுக்கு வந்திருக்கு," என்று ஓரத்தில் எழுதி வைத்தார். லத்தீனில் மருத்துவர்கள் அந்தப் பகுதி முழுவதற்கும் வைத்த பெயருக்கு வெட்கப்பட வேண்டியது என்று பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன் உடற்கூறு படித்த இரண்டு ஆண்கள், ஏழாம் எண்ணை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று ஆளாளுக்கு உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். இதை நான் படித்துக் காட்டியபோது அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்காரி வீட்டுலயே இருக்கா. வீட்டை நான்தான் கண்டுபிடிச்சேன்னு வாசல்ல நின்னு ரெண்டு பேர் சண்டை போடறாங்க."

அண்ணன் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டான். தாள் குலுங்கியது.

ஆனால் அண்ணிக்கு வேண்டியது வேறு. இந்தக் கையேட்டில், இந்தப் படத்தின் கீழே, ஏழு என்றைக்காவது இருந்ததா? இருந்திருந்தால் திரும்ப வைக்கலாம். இல்லாவிட்டால் புதிதாகச் சேர்ப்பதாகிவிடும். புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் குழு கூட வேண்டும். குழு கூடினால் அடுத்த பதிப்புதான், அதாவது நாலு வருடம். அவர் ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்தது.

அச்சக அலமாரியில் நான்கு முதல் பதினொன்று வரையான பதிப்புகள் இருந்தன. எட்டுப் பதிப்பிலும் கோடு இருந்தது, எட்டிலும் பெயர் இல்லை. எட்டுக்கும் மெய்ப்புப் பார்த்தவர் அண்ணி.

"எப்படி அண்ணி கண்ணுல படாம போச்சு?" என்று கேட்டேன்.

"முந்தின பதிப்பைப் பக்கத்துல வெச்சு வரிக்கு வரி பார்க்கறதுதான் எங்க முறை. அதுல ஏழு இல்ல, இதுலயும் இல்ல. சரின்னு டிக் போட்டுட்டுப் போயிடுவேன். தப்பும் தப்பும் பொருந்திடுச்சுன்னா எங்க கணக்குல அது சரி." பிறகு, "முப்பத்திரண்டு வருஷப் பூதக்கண்ணாடி," என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டார்.

முதல் மூன்று பதிப்புகள் அச்சகம் இடம் மாறியபோது தொலைந்துவிட்டன. மூன்றாம் பதிப்பின் ஒரே ஒரு பிரதி செவிலியர் பள்ளி நூலகத்தில் இருப்பதாகத் தெரிந்ததும் இருவரும் கிளம்பினோம். நூலகர் நல்ல மனிதர். பக்க எண்ணைச் சொன்னதும் மேலே பார்த்தார். "மேடம், அந்தப் பக்கம் திறக்காதே."

உண்மையிலேயே திறக்கவில்லை. 212, 213 இரண்டையும் யாரோ ஓரம் முழுக்கப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள்.

"யார் ஒட்டினாங்க?"

"எனக்கு முன்னாடி இருந்தவரா இருக்கும். இல்ல, அவருக்கு முன்னாடி இருந்தவர்."

"டீ போடுற கெட்டில் இருக்கா?"

இருந்தது. ஜன்னலோரம் கெட்டிலைக் கொதிக்க வைத்து, ஆவியில் பக்கத்தைக் காட்டினோம். நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி தலைமுடியிலிருந்து ஊசியை உருவி, விளிம்பில் விட்டு நெம்பினார். "வேணாம் மேடம், கிழிஞ்சா என் வேலை போயிடும்," என்று சொல்லிக்கொண்டே நூலகரும் குனிந்து பார்த்தார். பழைய மாவுப் பசை. சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது.

ஆறு. ஏழு. எட்டு. 'ஏழு: பெண்குறிக் காம்பு.' கீழே பாடத்தில் ஒரு வரி: 'இதற்குப் பிள்ளைப்பேற்றில் வேலை இல்லை, இன்ப உணர்வுக்கு உரியது.'

அண்ணி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இருந்திருக்குடி," என்றார். என்னை அவர் டி போட்டுப் பேசியது அன்று ஒருநாள்தான். நூலகர் மூன்று கோப்பை டீ போட்டார். கெட்டில் எப்படியும் கொதித்துக்கொண்டிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பூதக்கண்ணாடிக்கு அந்தப் பெயரை எடுத்தது யார் என்றும் தெரிய வேண்டும். பார்த்து முடித்த தாள்களில் மெய்ப்புப் பார்த்தவர் கையெழுத்திட்டு, கட்டாகக் கட்டிப் பரணில் போடுவது அச்சகத்தின் வழக்கம். நான்காம் பதிப்பின் கட்டைத் தேடி இறக்கினார். ஓரத்தில் அன்றைய பதிப்பாசிரியர் நீலப் பென்சிலால் '7 வேண்டாம்' என்று எழுதியிருந்தார். பட்டியலில் ஏழாம் வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது, பாடத்திலிருந்த அந்த வாக்கியமும் சேர்த்து. அடியில் கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான, கோணல் இல்லாமல் போட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட, அண்ணியின் கையெழுத்து.

எனக்குப் போன் செய்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். "கேளு," என்றார், மூச்சு வாங்க. "அடிச்சது நான்தான். சொன்னாங்க, அடிச்சேன், என்ன ஏதுன்னு படிக்கக்கூட இல்ல. ஆனா படம் தனி பிளாக், எழுத்தோட சேராம தனியா செதுக்கின தகடு. எழுத்தைத் திருத்தினா பிளாக் ரூமுக்கும் ஒரு சீட்டு அனுப்பணும், கோட்டை எடுங்கன்னு. நான் புதுசு. அனுப்ப மறந்துட்டேன். அதனாலதான் கோடு நின்னுடுச்சு. நான் ஒழுங்கா வேலை தெரிஞ்சவளா இருந்திருந்தா எதுவுமே மிஞ்சியிருக்காது."

மறுநாளே மூன்றாம் பதிப்பையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மேட்ரனிடம் போனார். செவிலியர் பள்ளியின் தலைவி அவர். கையேட்டின் பதிப்பாசிரியரும் அவரே. சிரிக்காதவர் என்று பெயர். அண்ணி தன் தப்பையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். மேட்ரன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"நான் ஐந்தாம் பதிப்புல படிச்சேன். ஒன்னு ரெண்டு மூனு நாலு அஞ்சு ஆறு எட்டுன்னு மனப்பாடம் பண்ணி வாய்மொழித் தேர்வுல ஒப்பிச்சேன். கேட்டவரும் முழு மார்க் போட்டார்." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "படத்துல பெயரைப் போடுங்க. பாடத்துல நாலு வரி தர்றேன். அஞ்சாவது வரி வந்தா அடுத்த பக்கம் ஓடிடும், அத்தியாயமே குலையும். சரியா?"

"பழசுல ஒரு வரிதான் மேடம் இருந்துச்சு."

"இத்தனை வருஷத்துக்கு வட்டி."

நாலு வரிக்கு அண்ணி ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். உள்ளே எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது, வெளியே தெரிவது எவ்வளவு சிறிது, சிறுநீர்க் குழாய் பொருத்தும்போதும் தையல் போடும்போதும் செவிலி ஏன் அதை அறிந்திருக்க வேண்டும் என்று எழுதினார். கடைசி வாக்கியம் பழைய பதிப்பினுடையதே. "இன்ப உணர்வுக்கு உரியது. இதுல நான் கை வைக்க மாட்டேன். ஒரு தடவை வெச்சது போதும்," என்றார். பக்கம் மேட்ரனின் கையெழுத்துக்குப் போனது.

அந்த இடைவெளியில் புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவைத் தயார் செய்தார். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. சொல், காற்புள்ளி, பக்க எண். எண் ஏறுவது, அந்தப் பக்கம் கையெழுத்தாகி வந்த பிறகுதான். அறுநூற்றுச் சொச்சம் அட்டைகளைத் தகரப் பெட்டியில் அகர வரிசையில் அடுக்கினார். எல்லா அட்டைகளும் நிரம்பின, ஒன்றைத் தவிர. அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கி, கண்ணால் பார்த்த பிறகுதான் அதில் எழுதுவேன் என்று சொன்னார்.

அன்று காலை பத்து மணிக்கு மேட்ரனின் கையெழுத்தோடு பக்கம் அச்சகத்துக்கு வந்துவிட்டது. அட்டை வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்த அண்ணியைத் தலைமை அச்சாளர் அழைத்துச் சொன்னார். அண்ணி பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிய கையோடு என்னை அழைத்தார். "கையெழுத்து வந்துடுச்சாம். என் கண்ணால பார்த்துட்டு மறுபடி பண்றேன்," என்றார். பின்னால் டிக்கெட் கேட்கும் குரல் வந்தது. வைத்துவிட்டார்.

பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. அட்டைகள் வரிசை கலையவில்லை. பக்கத்தின் எண் 268. பெண்குறிக் காம்பு என்ற அட்டையில் சொல் இருக்கிறது, காற்புள்ளி இருக்கிறது, எண் இல்லை.