மதகுப் பலகையை இறக்கியவன்

மேஸ்திரி வேலாயுதத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதோடு சரி. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் வராதவன். துணிந்து எழுதுவதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதை வேறு எவராலும் எழுத முடியாது. அவருடைய வெற்றிலைக் கொடிக்காலை அழித்தவன் நான். அந்தப் பழியை அவர் கட்டிய மதகின்மேல் விழவிட்டவனும் நானே!

மேஸ்திரி போன மாதம் காலமானார். ஊர் முழுதும் அவர் பெருமையைப் பேசுகிறது. பேசட்டும்... அத்தனையும் உண்மை.

கப்பலில் வந்திறங்கி, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் கல் சுமந்தவர். பிறகு அங்கேயே ரயில்காரர்களுக்கு லைன் வீடுகள் கட்டிக்கொடுக்கும் மேஸ்திரி ஆனார். நான் அவரிடம் கலவை குழைத்தேன். ஒவ்வொரு செங்கல்லையும் விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்பார். பிடிக்காவிட்டால் வீசிவிடுவார். "இப்படி எறிஞ்சா கட்டுப்படி ஆகுமா?" என்று ஒருவர் கேட்டபோது, "சுவர் விழுந்தா உன்னை முட்டுக் குடுத்து நிக்க வைக்கிறேன், சம்மதமா?" என்றார்.

ஐம்பதை நெருங்கும் வயதில், சேர்த்ததையெல்லாம் போட்டுக் கிள்ளானுக்கு அப்பால் கடலோரச் சேற்று நிலம் வாங்கினார். "என்ன மேஸ்திரி, நண்டு வளர்க்கப் போறீங்களா?" என்று கேலி செய்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கரை போட்டார். ஓடை வாயில் செங்கல்லால் ஒரு மதகு கட்டி மரப்பலகை பொருத்தினார்.

கடல் ஏறும்போது பலகையை இறக்க வேண்டும். வற்றும்போது தூக்கி, உள்ளே நிற்கும் மழைநீரை வெளியே விட வேண்டும். அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். என்னை நம்பித்தானே கொடுத்தார்!

கரைக்கு உள்ளே வெற்றிலைக் கொடிக்கால் போட்டார். அதில் முதல் இலை பறிக்கும் பருவம். மேஸ்திரி கடைக்காரர்களிடம் விலை பேசக் கோலாலம்பூர் போயிருந்தார். அன்று பௌர்ணமி, கடல் வழக்கத்தைவிட உயரமாக ஏறும் நாள். கிள்ளான் திடலில் பிரிக்பீல்ட்ஸ் பையன்கள் பந்து ஆட வந்திருந்தார்கள். என் பழைய கூட்டாளிகள்! மழைநீர் வடியப் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, கடல் ஏறுமுன் மாலைக்குள் திரும்பி இறக்கிவிடலாம் என்று போனேன். அவர்கள் ஜெயித்தார்கள். கள்ளுக்கடைக்கு இழுத்துப் போனார்கள். நானும் போனேன்...

திரும்பி வந்தபோது கொடிக்கால் முழுதும் உப்புத் தண்ணீர்.

என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய்ப் பலகையை இறக்கினேன். மேஸ்திரி வந்து பார்த்தால் பலகை இறங்கியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் எண்ணம். கடல் வற்றியது. நான் தூக்கவில்லை. வந்த உப்பு போக வழியின்றி வேரிலேயே நின்றது.

காலையில் மேஸ்திரி வந்தார். பலகையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். "பலகை சரியாத்தான் இருக்கு. என் கட்டுதான் கசிஞ்சிருக்கு" என்றார்.

அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொடிகள் கருகின. மேஸ்திரி தம் கையாலேயே கடப்பாரை பிடித்து மதகை இடித்தார். ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்தார். "எங்கடா தப்பு விட்டேன்? தெரியலையே!" என்றார். ஒரு சீனத் தச்சரை அழைத்து மரத்தில் மதகு வைத்தார். அதன்பின் கலவை பூசும் கரணையைத் தொடவே இல்லை.

அவர் விழுந்து கிடக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உப்புக்கு அஞ்சாத தென்னையை நட்டார். காய்க்கும்வரை மாடு வைத்துப் பால் விற்றார். தேங்காய் வந்ததும் செக்குப் போட்டார். பிறகு இயந்திர ஆலை. அவருடைய எண்ணெய் தகர டின்களில் ரயிலேறிப் போயிற்று. எத்தனை குடும்பங்கள் அவரால் பிழைத்தன! எனக்கும் ஒரு வீடு தந்தார். அந்த வீட்டில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நட்டம் வந்ததால்தானே உயர்ந்தார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டதுண்டு. அந்தப் பொய்யும் ஒருநாள் உடைந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கோயில்காரர் இருவர் வந்தார்கள். கோயிலுக்குப் புது மண்டபம் கட்ட வேண்டும். மேஸ்திரிதான் நின்று கட்டித்தர வேண்டும் என்றார்கள்.

"நீங்க கட்டின வீட்டுலதாங்க இருக்கேன். படம் மாட்ட ஆணி இறங்க மாட்டேங்குது. எம் பொண்டாட்டி தினமும் உங்களைத் திட்டுறா" என்றார் ஒருவர்.

மேஸ்திரி குலுங்கிச் சிரித்தார். அவர் கண்களில் ஆசை தெரிந்தது... நான் பார்த்தேன். பிறகு தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. இது ஒரு தடவை ஏமாத்தின கை. சாமி இருக்கிற இடம், ஜனங்க வந்து நிக்கிற இடம்... நான் தொட மாட்டேன்." என் பக்கம் திரும்பினார். "இவன் கூடவே இருந்தவன். கேட்டுப் பாருங்க. என்னடா, மதகு கசிஞ்சுதா இல்லையா?"

ஒரே ஒரு சொல் போதும். அந்தக் கைகளை அவருக்குத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்று பயந்தேன். வீட்டையும் நினைத்தேன், மறைக்க மாட்டேன்.

"ஆமாங்க மேஸ்திரி" என்றேன்.

மறுநாள் கோயில்காரர்கள் அம்பாங்கிலிருந்து வேறொரு மேஸ்திரியை அமர்த்தினார்கள்.