மாமாவின் இடது கால்

என் தாய்மாமாவுக்கு வயிற்றில் நீர் கோத்திருந்தது. மகோதரம் என்றார்கள். சாராயம் தொடாத மனுஷன். ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்துப் பக்கம். ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்று இழுபறி நடந்து, எல்லை பிரிக்கக் கமிஷன் வரும் என்று பேசிக்கொண்ட காலம். எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் போகுமுன் மாமாவின் வயிற்றை நூலால் அளப்பது என் வேலை. நேற்றைய முடிச்சைத் தாண்டினால் அம்மா முகம் தொங்கிவிடும். மாமா சிரிப்பார்.

"கமிஷன்காரங்க வரட்டும் பாப்பா. வயித்த மெட்ராசுக்குக் குடுத்துட்றேன். காலு ரெண்டும் ஆந்திராவுல இருந்துக்கினு போவட்டும்."

சித்தூர் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ஒரு வாளி நீர் எடுத்தார்கள். படுத்தே கிடக்க விடாதீர்கள், மெல்ல நடக்க வையுங்கள், ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே கூட்டி வாருங்கள் என்று டாக்டர் தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னாராம். எங்கள் வீட்டில் யார் கேட்டார்கள்? நீர் எடுத்த உடம்பு பச்சை உடம்பாம். பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவதுபோல வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிப் படுக்கப் போட்டார்கள். எழுந்தால் அம்மா அதட்டுவாள்.

"கட்டு போட்ட சரி, அக்கா. புள்ளயயாவது கண்ல காட்டு" என்பார் மாமா.

பத்தாம் நாள் இடது கால் மட்டும் வீங்கியது. வீட்டில் ஒரே சந்தோஷம். மிச்ச நீர் காலுக்கு இறங்கிவிட்டதாம், உருவிவிட்டால் வடிந்துவிடுமாம்.

"இன்னா மாப்ள, தண்ணி ஆந்திராவுக்கு வந்துட்ச்சே" என்றார் நைனா, என் அப்பா.

வேப்பெண்ணெயைச் சூடாக்கி என்னிடம் கொடுத்தார்கள். சின்னக் கை, நோகாது என்றார்கள். கெண்டைக்காலை உருவினேன்.

மறுநாள் காலை பல் விளக்க எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. வண்டி கட்டுவதற்குள் போய்விட்டார். நீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று அழுதார்கள்.

நீர் இல்லை, ரத்தம். அந்த நோயில் ரத்தம் காலில் உறையுமாம், படுத்தே கிடந்தால் இன்னும் சுலபமாம். உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைத்திருக்கிறது. என் முதல் பிரசவத்தில் கால் வீங்கியபோது, அமுக்கவே கூடாது என்று என் கையைத் தட்டிவிட்ட டாக்டரம்மாதான் சொன்னாள்.

எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் உருவும்போது மாமா கண்ணை இறுக மூடி, முகத்தைக் கோணினார். எனக்கு வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்தேன். இன்னொரு தடவை காட்டட்டும் என்று பலமாக அழுத்தினேன்.