பெயருக்கு முன்னால் ஒரு லேட்

என் அம்மா வசந்தாவுக்கு ஆங்கிலத்தில் நான்கு சொற்களைப் படிக்கத் தெரியும். ஓகே, ரிஜெக்ட், எக்சிட், லேட். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி கற்றுக்கொடுத்தவை. தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலை வெட்டி, பிசிறு பார்த்து, ஓகே பெட்டியிலோ ரிஜெக்ட் பெட்டியிலோ போடுவது அவள் வேலை. எக்சிட் என்பது கதவுக்கு மேல் பச்சையாக எரியும். லேட் என்பதை சூப்பர்வைசர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கொஞ்சம் சாய்த்து எழுதுவார். ஒன்பது வருடத்தில் அது ஒருமுறைகூட அம்மாவின் பெயருக்கு நேராக வந்ததில்லை.

ஏழு பத்து வண்டிக்கு நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ஆறு ஐம்பதுக்கே நிற்பாள். கூட வேலை செய்யும் தெரசா அக்கா அடுத்த ஸ்டேஷனில் ஏறுவார். ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"நீ போய்க் கொடி காட்டுனாத்தான் வண்டியே கெளம்புதாமே வசந்தா?"

"இன்னா பண்றது. ஊட்டுக்கு ஒரு லேட்டு போதும்."

அந்த ஒரு லேட்டு என் அப்பா மணவாளன். எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வெல்டராக இருந்தார். வேலை முடிந்து ஸ்டேஷனில் இறங்கினால் நேராக வீட்டுக்கு வரமாட்டார். டீக்கடையில் யாரோடாவது பேச்சு, வழியில் யாருடைய வண்டிக்காவது செயின் மாட்டிக் கொடுப்பது. தெருவில் மணவாளன் என்று இன்னும் இரண்டு பேர் இருந்ததால் அவருக்கு லேட்டு மணவாளன் என்றே பெயர். வீட்டுக்கு வந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இது ஃபாஸ்டா ஓடுதுடி" என்பார்.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அம்மாவுக்குப் போன் செய்தார். "வசந்தா, இன்னிக்கு லேட்டாவும். புள்ளைய சாப்ட சொல்லு." அவ்வளவுதான். அதன் பிறகு அந்த எண் அணைந்தே கிடந்தது. பட்டறையில் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார் என்றார்கள். அம்மா போலீஸில் எழுதிக் கொடுத்தாள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனாள். இரண்டு மாதம் கழித்து எக்ஸ்போர்ட்டில் சேர்ந்தாள்.

ஏழு வருடம் ஆனதும் பெரியப்பா வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள். "லேட்டாவும்னுதான் சொன்னாரு. வரமாட்டேன்னு சொல்லல" என்றாள். பெரியப்பா பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்தது அதற்கு முன்பே. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விண்ணப்பத்தை நிரப்ப ஆவடியில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அம்மாவும் நானும் போனோம். கடை வைத்திருந்த ஜாபஸ் அண்ணன் கேட்கக் கேட்க நான் சொன்னேன்.

"அப்பா பேரு?"

"மணவாளன்."

"இன்னா பண்றாரு?"

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "லேட்டா?"

"ஆமாம்பா. ரொம்பவே லேட்டு" என்றாள் அம்மா.

"சாரிக்கா."

"நீ இன்னா பண்ணுவ."

திரையில் அப்பாவின் பெயருக்கு முன்னால் அந்த நான்கு எழுத்துகள் விழுவதைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் இறந்தவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு என்றுதான் போடுவார்கள். அம்மாவுக்கு அந்த லேட் தெரியாது. ஜாபஸ் அண்ணனுக்கு எங்கள் லேட் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பேசாமல் இருந்தேன்.

ஏன் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். காணவில்லை என்று சொன்னால் எப்போது, எங்கே, வேறு குடும்பம் ஏதாவது இருந்ததா என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். லேட் என்றால் ஒரு நொடி வருத்தப்பட்டு நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தானா? அல்லது காத்திருப்பதில் எனக்கு அலுத்துவிட்டதா? இன்றும் உறுதியாகத் தெரியவில்லை.

நான் எடுத்தது ஆங்கில இலக்கியம். ஒரு தேர்வில் இதே சொல்லுக்குப் பொருள்கள் கேட்டார்கள். தாமதமான, அண்மைய, முன்னாள், மறைந்த. நான்காவதை எழுதும்போது பேனா நின்றது என்று சொல்ல ஆசை. நிற்கவில்லை. மதிப்பெண் முழுதாக வந்தது. தமிழிலும் தவறிட்டார் என்கிறோம், காலமானார் என்கிறோம். இறந்ததை இறந்தது என்று சொல்ல எந்த மொழிக்கும் கூச்சம்போல என்று அன்று விடுதித் தோழியிடம் அறிவாளி மாதிரி பேசினேன். வீட்டில் அம்மாவிடம் பேசவில்லை.

போன மாதம் பூந்தமல்லியில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அம்மாவையும் மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கலாம் என்றார்கள். நூல் பார்த்துப் பார்த்து அவளுக்கு இரண்டு கண்ணிலும் நீர் வடிகிறது. அதனால் அந்தப் படிவம் எனக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அலுவலகத்தில் காப்பீட்டு வேலையைப் பார்க்கும் ஸ்வாதி என் கல்லூரிச் சான்றிதழைப் பார்த்து விவரங்களை அடித்தே கொடுத்திருந்தாள். அம்மாவின் கையெழுத்து மட்டும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அவள் விரல் மேலே எங்கோ நின்றது.

"ரேவதி, இது லேட்டு தானே?"

விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது.

"பக்கத்துல எம். உன் இனிஷியல் எழுத்து. மணவாளனா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது. "லேட்டு மணவாளன். இங்க வரைக்கும் தெரிஞ்சிபோச்சா உங்கப்பன் பவுசு?"

அப்பா பெயரைச் சொல்லி அவள் சிரித்து வருடக்கணக்காகிறது. நானும் கூடச் சிரித்திருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும்.

"அம்மா, அது அந்த லேட் இல்ல."

"பின்ன எந்த லேட்டு?"

"இங்கிலீஷ்ல பேருக்கு முன்னாடி அப்படிப் போட்டா, அவங்க தவறிட்டாங்கன்னு அர்த்தம்."

அம்மா இரண்டு காயை எடுத்து நறுக்கினாள். "யாரு சொன்னது?"

"காலேஜ் சேரும்போது ஜாபஸ் அண்ணன் கேட்டாரே. நீ ஆமான்னுட்ட."

"நான் லேட்டாவுதுன்னு சொன்னேன்." கத்தி நின்றது. "சாரிக்கான்னானே அந்தப் புள்ள. அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுத்துக்கும் ஒரே எழுத்தா?"

"ஒரே எழுத்துதான்."

"அப்ப எது இன்னாதுன்னு எப்டித் தெரியும்?"

"முன்னாடி வந்தா போய்ட்டாங்கன்னு. பேருக்குப் பின்னாடி வந்தா, வர லேட்டாவுதுன்னு."

"அப்ப பின்னாடி போடு" என்று தாளை என் பக்கம் தள்ளினாள்.

திங்கட்கிழமை ஸ்வாதியிடம் வேறு படிவம் கேட்டேன். அப்பா லேட் இல்லையா என்றாள். "இல்ல, காணோம். ஒன்பது வருஷமா" என்றேன். அந்தச் சொல்லை வெளியாளிடம் அன்றுதான் சொன்னேன். நான் பயந்த எதையும் அவள் கேட்கவில்லை.

"சிஸ்டம்ல ரெண்டுதான் இருக்கு. லிவிங், லேட். எது போட?"

"லிவிங்."

"அப்ப அவர் ஐடி, போலீஸ்ல கொடுத்த கம்ப்ளைண்ட் காப்பி எல்லாம் வச்சு மேல கேக்கணும். அதுவரைக்கும் உங்கம்மா இன்சூரன்ஸ் கார்டும் நிக்கும். லேட்டாகும், பரவால்லையா?"

அம்மாவின் கண்ணை நினைத்துக்கொண்டேன். அவளைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று புதுப் படிவத்தின் நகலோடு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அப்போதுதான் ஸ்டேஷனிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க?"

"உன் கார்டு லேட்டாவும்னாங்க."

"ஆவட்டும்" என்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நகலை வாங்கினாள். விரல் வைத்துத் தேடினாள். "பேரு இருக்குது. பின்னாடி ஒண்ணும் காணோமே?"

"அதுக்கு அதுல இடம் இல்லம்மா."

என் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாளைச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டு, அப்பாவின் பெயருக்குப் பின்னால் இருந்த வெள்ளையில் ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாள். நான்கையும் சூப்பர்வைசர் எழுதுவது போலவே கொஞ்சம் சாய்த்து எழுதினாள்.