மூக்கு வழியே மீண்ட பார்வை

அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. திருப்பலிக்கு வந்து எங்களோடு மன்றாடும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை, அவருடைய தம்பியாகிய நான் அன்போடு வைக்கிறேன்.

முதலியார்பேட்டையில், மில் தொழிலாளி ஒருவரின் மூத்த மகளாக அக்கா பிறந்தார். எங்கள் தாயார் மறைந்தபோது நான் கைக்குழந்தை. அக்காதான் என்னை வளர்த்தார். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தார்.

எழுபதுகளின் நடுவில் அவர் உடல் மாறத் தொடங்கியது. செருப்பு சிறுத்தது, விரல்கள் தடித்தன, தாடை முன்னே வந்தது. குரல் கட்டையாகி, வெளியூருக்கு ட்ரங்க் கால் கேட்பவர்கள் "சார்" என்று அழைத்தார்கள். அக்கா திருத்தவில்லை, நம்பரைக் கேட்டு இணைப்புக் கொடுத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிச் சென்றதைப் பற்றியும் அவர் பேசியதில்லை.

பிறகு, இணைப்புக் கொடுக்கும் போர்டில் அழைப்பு வரும்போது இரு ஓரங்களிலும் எரியும் விளக்குகள் அவர் கண்ணில் படாமல் போயின. பக்கத்து இருக்கைத் தோழி சரோஜா அம்மையார்தாம் அதைக் கவனித்தார். "ஓரத்துல லைட்டு எரியுது, உனக்குத் தெரியலியாடி?" என்று கேட்டவர், மறுநாளே கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். மூளைக்கு அடியில், மூக்கின் உட்கோடிக்குப் பின்னால் உள்ள சிறு சுரப்பியில் கட்டி. கை கால் பெருத்தது அதனால்தான். இப்போது அது கண் நரம்பை அழுத்துகிறது, விட்டால் பார்வையே போய்விடும் என்றார்கள்.

அப்பா உடைந்துபோனார். "மண்டையத் தொறக்க நான் ஒத்துக்க மாட்டேன் டாக்டர். எம்பொண்ணு எனக்கு இப்படியே இருக்கட்டும்."

"மண்டையத் திறக்கப் போறதில்லீங்க. மேலுதட்டுக்கு உள்பக்கமா கீறி, மூக்கு வழியா போவோம். மைக்ராஸ்கோப்புல பார்த்துக்கிட்டே கட்டிய எடுத்துடலாம். வெளிய தழும்புகூடத் தெரியாது," என்றார் அறுவை மருத்துவர். ஆபத்தே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

அக்காதான் முடிவு செய்தார். "கண்ணு போற வரைக்கும் காத்துனு இருக்க முடியாதுப்பா. நான் பண்ணிக்கறேன்."

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூக்கில் வைத்த பஞ்சை எடுத்ததும் தெளிந்த நீர் சொட்டியது. மூளையைச் சுற்றியுள்ள நீர் அது. நிற்காவிட்டால் கிருமி ஏறிவிடுமாம். அசையாமல் படுக்க வேண்டும், தும்மக் கூடாது. பார்க்க வந்த பெரியப்பா மடியிலிருந்து மூக்குப்பொடி டப்பாவை எடுக்க, நர்ஸ் அவரை வாசலுக்கே விரட்டினார். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் பயந்து போர்வையை இறுகப் பற்றிக்கொண்டார். சில நாட்களில் நீர் நின்றது.

நீர் நின்ற அன்று நான் கட்டிலின் இடப்புறம் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். கூரையைப் பார்த்துப் படுத்திருந்த அக்கா, "ஏன்டா அழுவுற? கிட்ட வா," என்றார். தலையைத் திருப்பவே இல்லை. அப்பா எழுந்து வலப்புறம் போய் நின்றார்.

"என்னத் தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா. சட்டையில பொத்தான மாத்திப் போட்டுனு இருக்கீங்க."

அப்பா தரையில் உட்கார்ந்து அழுதார்.

முகமும் குரலும் பழையபடி ஆகவில்லை. அக்கா வேலைக்குத் திரும்பி, பல ஆண்டுகள் அதே போர்டில் அமர்ந்தார். எனக்குத் திருமணம் செய்து வைத்தார்; என் பிள்ளைகளைத் தோளில் சுமந்தார். நோயின் நாட்களில் பெருத்துவிட்ட இதயம்தான் கடைசியில் தளர்ந்தது.

பார்வையைக் காத்துத் தந்த மருத்துவருக்கும், சரோஜா அம்மையாருக்கும், கடைசி நாட்களில் முறை வைத்து உடனிருந்த தெருவினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இறுதி வாரத்தில் அக்கா ஒரு படத்தை என்னிடம் தந்தார். "எனக்குப் பொறவு படம் போட்டா இதப் போடு."

"சின்ன வயசுப் படம் நல்லா இருக்குமேக்கா."

"இந்த மொகந்தாண்டா உங்களையெல்லாம் பாத்துனு இருந்துது."

முகப்பில் இருப்பது அந்தப் படம்.