சூப்புக்குக் கரண்டி வேண்டாம்

வீட்டில் அவனுக்குச் 'சின்னவன்' என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், காதோரம் நரை எட்டிப் பார்க்கிற வயது. ஆனாலும் சின்னவன். குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போனால் முதலில் முகம் சுளிப்பவன் அவன்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

மற்றவர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? அப்பாவுக்குச் சாப்பாடு நாக்கைச் சுட வேண்டும். ஆவி அடங்கிவிட்டால் தட்டைத் தள்ளிவிடுவார். அக்காவின் கணவர் பூண்டு வாசனை பட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அக்கா மகளோ, தட்டில் ஒரு பண்டம் இன்னொன்றைத் தொட்டுவிட்டால் இரண்டையுமே தொடமாட்டாள். இத்தனை பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துச் சாப்பிட வைப்பது அண்ணியின் பொறுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில், எந்தக் கடைக்குப் போவது என்று ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தபோது, "நான் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லட்டுமா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அது அவர் தலையில் விழுந்தது.

அண்ணி கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். மதிய இடைவேளையில் ஏதாவது ஓர் உணவகத்துக்குத் தனியாகப் போய் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருவார். என்னென்ன கிடைக்கும் என்ற அட்டையைத் திறக்கவே மாட்டார். மேஜைகளிலிருந்து உள்ளே திரும்பிப் போகிற எச்சில் தட்டுகளைத்தான் பார்ப்பார். ஜனங்கள் எதை ஒதுக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது அவருக்கு முக்கியம். ஒருமுறை துணைக்குப் போன சின்னவன், "நல்லாத்தானே இருக்கு அண்ணி" என்றான்.

"நமக்கு நல்லாருக்கும். மாமாவுக்கு ஆகாது. அடுப்படி மாடில இருக்கு பாருங்க. படி இறங்கி வர்றதுக்குள்ள சூப்பு ஆறிடும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மலைப்பாகவும் இருந்தது. அந்த அப்பாவின் மகனாகவே வளர்ந்தவனுக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை.

அது அவன் கை நன்றாக இருந்த காலம். பிறகு வலது கை நடுங்க ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. கரண்டியைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனால்தான் ஆட்டம். வகுப்பில் கையைக் கரும்பலகையில் அழுத்தி ஊன்றிச் சமாளித்தான். சாப்பாட்டு மேஜையில் எதில் ஊன்றுவது? ஒரு ஹோட்டலில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது சூப் பாதி அவன் சட்டையில் கொட்டியது. "இதெல்லாம் ஒரு சூப்பா!" என்று சீறிவிட்டு எழுந்து வெளியே போனான். "துரைக்கு நாக்கு நீண்டு போச்சு" என்று அப்பா சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது. அதன்பிறகு எங்கே கூப்பிட்டாலும் ஒரு குறை சொல்லித் தட்டிக் கழித்தான். நடுக்கக்காரன் என்பதைவிட நாக்கு நீண்டவன் என்ற பேர் அவனுக்குத் தேவலை.

படிக்கிற கண்ணாடி மாற்ற அண்ணியின் கடைக்குப் போனபோது, எழுத்து அட்டையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அட்டை படபடத்தது.

"ஏசி ரொம்பக் குளிருது" என்றான்.

அண்ணி அட்டையை வாங்கித் தானே பிடித்துக்கொண்டு, "இப்ப வாசிங்க தம்பி" என்றார். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பாவின் பிறந்தநாள் வந்தது. "எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது அண்ணி" என்று அவன் போனில் இழுத்தான். "ஒத்துக்காட்டி சாப்பிடாதீங்க. வந்து உக்காருங்க, போதும்" என்றார்.

மரக்கடைக்குப் பின்னால் இருந்த சின்ன உணவகம் அது. அடுப்படிக்கும் மேஜைக்கும் நடுவே ஒரு தடுப்புதான். "தம்பி, நீங்க சுவரோரம் போயிடுங்க" என்று அண்ணி அவனை நீளப் பெஞ்சின் கடைசியில், வலது கை சுவர்ப்பக்கம் வரும்படி உட்கார வைத்தார். பிறகு பரிமாற வந்த பெண்ணிடம் சொன்னார்: "எதுலயும் பூண்டு வேண்டாம். இந்தப் பொண்ணுக்கு எல்லாம் தனித்தனிக் கிண்ணத்துல. சூப்பு எல்லாருக்கும் பெரிய கப்புல, பாதிப் பாதியா ஊத்துங்க. கரண்டி வேண்டாம்."

"கரண்டி ஏன் வேண்டாம்?" என்றார் அப்பா.

"கரண்டில மொண்டு மொண்டு குடிச்சா ஆறிடும் மாமா."

அப்பாவுக்கு இது பரம திருப்தி. சூப்போடு வந்தவை ரொட்டியும் வறுத்த கோழியும். எல்லோரும் கையால் பிய்த்துத்தான் தின்றார்கள். சின்னவன் கனமான கப்பை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக் குடித்தான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. தனக்காக ஊர் முழுவதும் சலித்து இந்தக் கடை எடுக்கப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து அக்கா மகள் எதிரிலிருந்து, "மாமா, உங்க கை ஆடுது" என்றாள்.

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. சின்னவன் எழுந்து ஓடப் பார்த்தான். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் அண்ணனும் அப்பாவும். கையை ஒளித்து வைக்க அண்ணி தேடிக் கொடுத்த இடத்திலிருந்து வெளியேற வழியில்லை.

"ஆமா. கொஞ்ச நாளாவே ஆடுது" என்றான் கடைசியில்.

"வலிக்குதா?" என்றாள் அவள்.

"வலியெல்லாம் இல்ல. கரண்டி பிடிச்சா கொட்டிடுது."

அப்பா கப்பைக் கீழே வைத்தார். "அடப்பாவி! அதுக்கா ஊர்ல உள்ள சூப்பையெல்லாம் திட்டினே?"

அண்ணன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் மகன் கையைப் பிடித்து மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அண்ணி, "சுவரோரம் உக்கார வச்சு மாட்டி விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க தம்பி" என்றார்.

"யார்ட்டயாவது சொல்லியிருந்தீங்களா அண்ணி?"

"உங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லல. அது நீங்க சொல்ல வேண்டிய சங்கதி."

அடுத்த வாரமே அண்ணன் அவனை டாக்டரிடம் இழுத்துப் போனான். உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். மாத்திரையில் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது, முழுசாக இல்லை. வகுப்பில் கை ஆடுவதைப் பிள்ளைகளிடமே சொல்லிவிட்டுக் கரும்பலகையில் எழுதினான்.

பிறகு ஒருநாள், "இந்தத் தடவை கடையை நான் பார்க்கிறேன், நீங்க சும்மா வாங்க" என்று அண்ணியிடம் வீராப்பாகச் சொன்னான். அலைந்து திரிந்து ஒன்றைப் பிடித்தான். படுமோசம். ரொட்டி கட்டை, குழம்பில் பூண்டு மிதந்தது, அப்பா தட்டைத் தள்ளினார். அண்ணி மட்டும் கடைசிவரை நிதானமாகச் சாப்பிட்டார்.

"இத்தனை வருஷத்துல உங்களுக்கு என்ன பிடிக்கும்னு யாருமே கேட்டதில்லையே அண்ணி" என்றான் சின்னவன்.

"எனக்கா? யாரோ தேடி வச்ச கடையில வந்து உக்காந்து சாப்பிடணும். அது ரொம்பப் பிடிக்கும்" என்றவர், அவன் தொடாமல் வைத்திருந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டார்.